டிஸ்ப்ளே திறக்காதபோது: எக்ஸ் சர்வர் நாட்குறிப்பு

மார்ச் 3

லினக்ஸ், யூனிக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் நிரல்தான் எக்ஸ் சர்வர். ஒரு நிரல் அதோடு இணைய முடியாமல் 'கேன்ட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று வந்தால் முதலில் அந்த வரியின் கடைசியைப் பார்க்க வேண்டும். முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லையென்றால் எந்த எக்ஸ் சர்வருக்குப் போவது என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறிக்கு மதிப்பே இல்லை. எக்ஸ் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் நிரல்) ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ':0' என்று இருந்தால் முகவரி தெரிகிறது, கதவுதான் திறக்கவில்லை.

':0' என்பது அதே கணினியில் உள்ள யூனிக்ஸ் சாக்கெட் (நிரல்கள் பேசிக்கொள்ளும் உள்வாசல்). 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்றால் டிசிபி போர்ட் 6010, அதாவது 6000-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டியது. புள்ளிக்குப் பின்னால் வருவது திரை எண்.

மார்ச் 4

டிஎம்பி கோப்புறைக்குள் அந்த சாக்கெட்டுகள் உள்ள '.எக்ஸ்11-யூனிக்ஸ்' என்ற மறைந்த கோப்புறை இருக்கும். அதில் 'எக்ஸ்1' மட்டும் இருந்தால் ':0' வேலை செய்யாது, ':1' கொடுக்க வேண்டும்.

'சர்வர் ஏற்கெனவே இயங்குகிறது' என்ற பிழைக்குக் காரணம் '.எக்ஸ்0-லாக்' என்ற பூட்டுக் கோப்பு. அதில் ஒரு பிராசஸ் எண் இருக்கிறது. அந்தப் பிராசஸ் செத்திருந்தால் சர்வரே பூட்டை அழித்துவிடும். அதே எண் வேறு ஏதோ பிராசஸுக்குப் போயிருந்தால்தான் சிக்கல். எண் யாருடையது என்று பார்த்துவிட்டுப் பூட்டுக் கோப்பை நீக்குங்கள்.

மார்ச் 6

'நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைட்', 'இன்வேலிட் எம்ஐடி-மேஜிக்-குக்கி-1 கீ' இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். எக்ஸ் சர்வர் உள்ளே விட, நிரல் ஒரு ரகசியச் சாவியைக் காட்ட வேண்டும். முதலாவதில் நிரல் சாவியே காட்டவில்லை: சாவிகள் உள்ள கோப்பு கிடைக்கவில்லை, படிக்க அனுமதி இல்லை, அல்லது அந்த டிஸ்ப்ளேவுக்கான வரி அதில் இல்லை. இரண்டாவதில் காட்டிய சாவி தவறு, பெரும்பாலும் பழைய அமர்வின் மிச்சம்.

சாவிக் கோப்பைக் கையாளும் கட்டளை எக்ஸாத். 'எக்ஸாத் லிஸ்ட்' கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள் வரும்: கணினிப் பெயரும் டிஸ்ப்ளே எண்ணும், முறையின் பெயர், 32 பதினாறடிமான இலக்கங்கள். 128 பிட் நீளமுள்ள அந்த எண்தான் சாவி. சாவியோடு கணினிப் பெயரும் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அமர்வின் நடுவே கணினிப் பெயர் மாறினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் அப்படியே இருக்கும், புதியவை திறக்காமல் போகும்.

வேறு பயனராக நிரலை ஓட்ட வேண்டுமா? 'எக்ஸாத் எக்ஸ்ட்ராக்ட்' கட்டளையால் அந்த ஒரு வரியை எடுத்து, அந்தப் பயனராக 'எக்ஸாத் மெர்ஜ்' செய்தால் போதும். யார் இணையலாம் என்று சர்வருக்குச் சொல்லும் கட்டளை எக்ஸ்ஹோஸ்ட். 'எக்ஸ்ஹோஸ்ட் +' போடச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அது சாவிச் சோதனையையே எடுத்துவிடுகிறது. உள்ளே வரும் எந்த நிரலும் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம். அவசியமென்றால் 'எக்ஸ்ஹோஸ்ட் +எஸ்ஐ:லோக்கல்யூசர்:' என்று எழுதி ஒட்டினாற்போல் பயனர் பெயரைச் சேருங்கள். வேலை முடிந்ததும் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டு நீக்கிவிடுங்கள்.

மார்ச் 9

வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக வரும்போது டிஸ்ப்ளே மதிப்பைத் தொலைவிலுள்ள எஸ்எஸ்ஹெச் சர்வரே அமைக்கும்; எண் வழக்கமாக 10-இல் தொடங்கும். ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தொடக்கக் கோப்பில் யாராவது ':0' என்று எழுதி வைத்திருந்தால் அது இதை அழித்துவிடும். அந்த வரியை நீக்குவதுதான் தீர்வு.

தொலைக் கணினியின் ஜன்னல்களை இங்கே காட்டும் ஃபார்வர்டிங் கோரிக்கை தோற்றதாக உள்நுழையும்போதே செய்தி வந்தால் தொலைக் கணினியில் மூன்றைப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வர் அமைப்பில் 'எக்ஸ்11ஃபார்வர்டிங் யெஸ்' இருக்கிறதா? எக்ஸாத் நிறுவப்பட்டுள்ளதா? (ஜன்னலே இல்லாத சர்வர்களில் அதிகம் விடுபடுவது இதுதான்.) ஐபிவி6 முடக்கப்பட்டிருந்தால் 'அட்ரஸ்ஃபேமிலி இனெட்' சேர்க்கப்பட்டுள்ளதா? உள்நுழைந்த பிறகும் சாவிப் பிழை வந்தால் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாவிட்டால் புதிய சாவியை எழுத முடியாது.

மார்ச் 10

எஸ்எஸ்ஹெச் கட்டளையின் பெரிய எக்ஸ் (-X) விருப்பத்தோடு இணைந்து, முதல் 20 நிமிடம் எல்லாம் சரியாக ஓடி, பிறகு புதிய ஜன்னல் மட்டும் மறுக்கப்பட்டால் அது 'ஃபார்வர்ட்எக்ஸ்11டைம்அவுட்' என்ற காலக்கெடு. மதிப்பைக் கூட்டலாம். பெரிய ஒய் (-Y) விருப்பத்துக்கு இந்தக் கெடு இல்லை, ஆனால் தொலைக் கணினியை முழுதாக நம்பினால் மட்டும் அது.

மார்ச் 12

இணைப்பு அறுந்தாலும் ஷெல்களை ஓடவிடும் டிமக்ஸுக்குள் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. பழைய ஷெல் இன்னமும் 10.0 என்கிறது, புது இணைப்போ 11.0. மறுபடி இணைந்தபோது டிமக்ஸ் தன் மதிப்பைப் புதுப்பித்திருக்கும், ஏற்கெனவே திறந்த ஷெல்லுக்கு அது போய்ச் சேராது. 'டிமக்ஸ் ஷோ-என்விரான்மென்ட் டிஸ்ப்ளே' காட்டும் மதிப்பை அந்த ஷெல்லில் ஏற்றுங்கள், அல்லது புதிய பலகம் திறங்கள்.

மார்ச் 13

'மேக்சிமம் நம்பர் ஆஃப் கிளையன்ட்ஸ் ரீச்டு': சர்வர் ஏற்கும் இணைப்புகளின் வழக்கமான உச்சம் 256. இணைப்புகளைப் பட்டியலிடும் எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸுக்கே ஒரு இணைப்பு தேவை, அதனால் முதலில் ஏதாவது ஒரு ஜன்னலை மூடுங்கள். சர்வரை 'மேக்ஸ்கிளையன்ட்ஸ் 512' என்று தொடங்கினால் உச்சம் கூடும். இணைப்பை மூடாமல் குவிக்கும் நிரலைப் பிடிக்காவிட்டால் அந்த 512-உம் நிரம்பிவிடும்.