பழனிக்கு எங்கள் தெரு நடக்கும் நடை

முருகா சரணம். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பதாக எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் நேர்ந்துகொண்டால், அந்த நேர்த்தி அந்த வீட்டோடு நிற்பதில்லை. மார்கழிக் கோலம் போடும்போதே வாசலுக்கு வாசல் சேதி போய்விடும். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்காக, அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து உட்கார்ந்த அப்பாவுக்காக, பேரனுக்குப் பேச்சு வரவேண்டும் என்று. மாலை போட்டு நடப்பவர் ஒருவர், வேண்டுதல் பத்துப் பேருடையது.

நடக்க முடியாத ஆச்சிகள் மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியில் காசு முடிந்து கொண்டுவந்து தருவார்கள். ஒன்றேகால் ரூபாய் முடிந்த காலம் போய் இப்போது பதினொன்று, நூற்றொன்று என்று ஆகிவிட்டது. அந்த முடிச்சுகளைப் பிரித்து ஒன்றாகக் கொட்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு வைத்து, எல்லாவற்றையும் ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சாமான் வண்டியில் போகிற பையில் வைத்தால் கெட்டது காரியம். பூச நெரிசலில் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். உண்டியல் முன்னால் நிற்கும்போது அடுத்த வீட்டு ஆச்சியின் முடிச்சு கையில் இருக்காது.

சாப்பாட்டில்தான் தெருவின் கை முழுதாகத் தெரியும். புளிக்காய்ச்சல் ஒரு வீடு, பருப்புப் பொடி ஒரு வீடு, நார்த்தங்காய் ஊறுகாய் இன்னொரு வீடு என்று பிரித்துக்கொள்வார்கள். வழிக்குப் புளிக்காய்ச்சல்தான் காவல். ஒரு கிலோ புளிக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கணக்கு. எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை, தண்ணீர்ப் பசை துளியும் இல்லாமல் சுண்ட வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்ட கரண்டியை விட்டால் மூன்றாம் நாளே பூசணம் பூக்கும். தேங்காய்ச் சட்னியை வண்டியில் ஏற்றவே கூடாது. வெயில் ஏறுவதற்குள் புளித்துவிடும். காலை ஆகாரத்துக்கு 30 பேருக்கு 3 கிலோ ரவை போதும். வயிறு முட்டத் தின்றுவிட்டு நடந்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும். வழியெல்லாம் அன்னதானம், "சாமி, சாப்பிட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மறுக்க மனம் வராது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய் மட்டும் வாங்கிக்கொள்வதே மரியாதைக்கும் வயிற்றுக்கும் நல்லது.

குன்றக்குடியில் சண்முகநாதனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆறு நாள் வைத்துக்கொண்டால் நாளுக்கு 25 சொச்சம். நெடுங்காலமாக நகரத்தார் காவடிகள் போகிற தடம் இது. காவடிக்குப் பின்னால் நடக்கும்போது கால் தானாகப் போகும், அரோகரா சத்தமே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனாலேயே முதல் நாள் எல்லாரும் வேகமாக நடந்துவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கான வட்டியை மூன்றாம் நாள் நத்தம் தாண்டியதும் முழங்கால் கேட்கும். அதிகாலை 2 மணிக்கு எழுந்து 9 மணிக்குள் நடையை நிறுத்த வேண்டும். மறுபடி வெயில் தாழ்ந்து 4 மணிக்குத்தான். வாகனத்துக்கு எதிர்முகமாக, சாலையின் வலது ஓரம். முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டாமல் இருட்டில் யாரையும் விடக் கூடாது, குழந்தைகளை நடுவில்தான் விடவேண்டும். வெறுங்காலில் நடப்பவர்கள் வெயில் ஏறினால் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பதைப் பார்க்கலாம். தாரை விட அந்தக் கோடு சூடு குறைவு.

கொப்புளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதியில் பேருந்து ஏறுகிறவர்களில் பலர் இதனால்தான் ஏறுகிறார்கள். உரசலும் ஈரமும் சேர்ந்தால் கொப்புளம். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு முதல் எதிரி. குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியதுதான் வேண்டும். புழுதி அடங்கத் தெளித்திருக்கும் தண்ணீரில் நடந்துவிட்டு ஈரக் காலுறையோடு தொடர்வது இரண்டாவது. கிளம்பும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, நிறுத்தும் இடத்திலெல்லாம் காலைத் துடைத்துக் காயவைத்தால் பாதிக்கு மேல் வராது. வந்துவிட்டால், சின்னதை உடைக்காமல் பிளாஸ்திரி மட்டும் ஒட்ட வேண்டும். திராட்சை அளவுக்குப் பெரிதாகி நடக்கவே விடவில்லை என்றால், சோப்பில் கழுவி, சூடுகாட்டி ஆறவைத்த ஊசியால் அடிப்பக்க ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடிக்க வேண்டும். மேல் தோலைக் கிள்ளி எடுத்தால் அடுத்த அடி வைக்க முடியாது. நூல் கோத்த ஊசியைக் குத்தி நூலை உள்ளேயே விடும் பழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. அந்த நூல் வழியாகவே புழுதி ஏறிச் சீழ் வைக்கிறது, அதை விட்டுவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவும் வேண்டாம், கொப்புளத்தில் கை வைக்கவும் வேண்டாம். நேரே மருத்துவ முகாமுக்குப் போய்விட வேண்டும். முருகன் செருப்புக்குக் கோபிப்பவன் இல்லை.

இந்த வழியில் திண்ணை தருகிறவர்களை என்ன சொல்லிப் புகழ்வது! சாணம் தெளித்து, பாய் விரித்து, அண்டாவில் வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறார்கள். நடப்பவர்களின் காலை உப்பு வெந்நீரில் வைக்கச் சொல்லி, கூடவே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிடும் வயதான அம்மாக்கள் உண்டு. பெயர்கூடக் கேட்பதில்லை. திருநீறு மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பழனி வந்து சேர்ந்ததும் சண்முக நதிக் குளியல். படியில் பாசி இருக்கும், வயதானவர்களைக் கைபிடித்து இறக்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் தரகர்கள் ஒட்டிக்கொள்வார்கள். "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்", "செருப்பை இங்க விடுங்க, காசு வேண்டாம்" என்பார்கள். செருப்பை விட்ட கடையில்தான் தேங்காய் பழத் தட்டு வாங்கியாக வேண்டும், விலை இரண்டு மூன்று மடங்கு. ஆறு நாள் நடந்து அசந்து வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். முடிக் காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் கைப்பேசிக்குத் தடை, அதை வண்டியிலேயே விட்டுவிடலாம். கூட்டத்தில் பிரிந்தால் சேருமிடத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சட்டைப் பையில் பெரியவர் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

முதலில் மலையடிவாரத்துத் திருஆவினன்குடிக் கோயில், பிறகுதான் மலை. படி 700க்குப் பக்கம். முழங்கால் வலிப்பவர்களுக்கும் காவடிக்கும் சரிவாக ஏறும் யானைப்பாதை இதம். இறங்கும்போதுதான் முட்டி அதிகம் நோகும், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக வைத்தால் தாங்கும்.

மேலே வரிசை மணிக்கணக்கில் நிற்கும். உள்ளே போனதும் "நகருங்க, நகருங்க" என்று தள்ளுவார்கள், கிடைப்பது இரண்டு விநாடி. பலர் அந்த இரண்டு விநாடியில் கண்ணை மூடிக் கைகூப்பி விடுகிறார்கள், திறக்கும்போது தூண்தான் தெரியும். எங்கள் பக்கத்து அப்பச்சிகள் சொல்லிக் கொடுப்பது இது: "கண்ண மூடாதப்பா, பாக்கத்தானே வந்தோம். தூரத்துல தீபம் தெரியுறப்பவே பாக்க ஆரம்பி." அப்படிப் பார்த்துக்கொண்டே போனால் முதலில் தண்டம், பிறகு அந்தச் சின்னத் திருமேனி. மேற்கு பார்த்து நிற்கிறான். போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துக் கட்டியதாகச் சொல்லும் நவபாஷாணம் அது. ஆண்டிக் கோலமோ, மாலைச் சாயரட்சை பூஜைக்குப் போனால் ராஜ அலங்காரமோ, அவன் எப்படிக் காட்டுகிறானோ அப்படி. கேட்க வைத்திருந்ததெல்லாம் நாக்கில் வராது. ஆச்சிகளின் பெயர்கூட மறந்துபோகும். மறந்தால் என்ன, முடிச்சு இடுப்பில் இருக்கிறதே, அவனுக்குத் தெரியாதா யார் யார் என்று! கால் வலி எங்கே போனதென்று தெரியாது. திண்ணை கொடுத்தவர்கள், மோர் ஊற்றியவர்கள், ஊரில் தினமும் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லா இருக்கணும் அப்பா, எல்லாரும் நல்லா இருக்கணும் என்ற ஒன்றுதான் வாயில் வருகிறது. அதற்குள் வெளியே வந்தாகிவிடும். உடனே இறங்கிவிடாதீர்கள். உண்டியலில் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போட்டுவிட்டு, போகர் சன்னதியையும் கும்பிட்டுவிட்டு, பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில் தேதி பார்த்து வாங்குங்கள், திறந்தபின் ஈரக் கரண்டி படக் கூடாது. நடந்தவர்கள் பேருந்தில் திரும்பினாலும் சாமான் வண்டியை வந்த வழியே, ஒட்டன்சத்திரம், நத்தம் என்று திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். திண்ணை தந்த வீடுகளில் நிறுத்தி, திருநீறும் பஞ்சாமிர்தமும் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். வண்டி ஊர் வந்து சேர இரண்டு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.