பிளினியின் ஒரு வரியில் மதுரையும் லத்தீன் இலக்கணமும்

லத்தீன் படிக்க ஆங்கில இலக்கணம் கரைகண்டிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ் படித்தவருக்கு அது சுற்றுவழி. பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்த எட்டு வேற்றுமையையும் பகுபத உறுப்பிலக்கணத்தையும் தூசி தட்டி எடுங்கள், பாதி வேலை முடிந்தது.

முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி லத்தீனில் எழுதிய 'இயற்கை வரலாறு' மொத்தம் 37 புத்தகம். மலையாளக் கரையில் இருந்த பெகரே என்ற துறையைப் பற்றிப் பேசும்போது, 6ஆம் புத்தகத்தில் இப்படி எழுதுகிறார்:

இபி ரேக்னாபத் பந்தீயோன், லொங்கே அப் எம்பொரியோ மெதிதெர்ரானெயோ திஸ்தந்தெ ஒப்பிதோ, க்வொத் வொகாதுர் மொதுர.

'அங்கே பாண்டியன் ஆண்டுவந்தான், துறைமுகச் சந்தையிலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டில் உள்ள, மொதுர எனப்படும் ஊரில்.' நம் மதுரைதான்.

வினையைப் பிரியுங்கள். ரேக்னா பகுதி, ப இடைநிலை, த் விகுதி. இடைநிலை தொடர் இறந்தகாலம், விகுதி படர்க்கை ஒருமை. 'ஆண்டான்' என்று முடித்துவிட்டால் மதிப்பெண் போகும். 'ஆண்டுவந்தான்', 'ஆண்டுகொண்டிருந்தான்' என்றால்தான் சரி. விகுதியில் ஆண்பால், பெண்பால் தெரியாது. 'ஆன்', 'ஆள்' பார்த்துப் பழகிய கண் எழுவாயைத் தேட வேண்டும்.

அடுத்து, எம்பொரியோ, ஒப்பிதோ இரண்டுக்கும் ஒரே 'ஓ' ஈறு. முன்னது 'சந்தையிலிருந்து', பின்னது 'ஊரில்'. லத்தீனின் மூதாதை மொழியில் தனித்தனியாக இருந்த நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைப் பொருள்கள் ஒரே உருவத்துக்குள் ஒடுங்கிவிட்டன. க்ளதியோ என்றால் 'வாளால்', அதுவும் அதே ஈறுதான். ஆகவே வேற்றுமை அட்டவணையில் அதை 'ஆறாவது வடிவம்' என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. பார்க்கும்போதெல்லாம் ஆல், இலிருந்து, இல் மூன்றையும் பொருத்திப் பார்த்து, பொருந்துவதை வையுங்கள். முன்னால் 'அப்' நின்றால் பெரும்பாலும் நீங்கல் பொருள்.

பெரிய பள்ளம் மெதிதெர்ரானெயோ. கேட்டதும் மத்தியதரைக் கடல் ஞாபகம் வரும். பிளினி சொல்வது நிலத்தின் நடுவே, அதாவது கடலோரம் இல்லாத இடம். அது எம்பொரியோவுக்கு அடுத்து நிற்பதால் 'உள்நாட்டுச் சந்தை' என்று சேர்த்துவிடுவார்கள். இலக்கணம் அதைத் தடுக்காது, ஈறு பொருந்துகிறது. பொருள்தான் தடுக்கும்: கப்பல் வரும் சந்தை உள்நாட்டில் எப்படி இருக்கும்? இரண்டு சொல் தள்ளியிருக்கும் ஒப்பிதோவுக்குத்தான் அந்த அடை. நம் பெயரெச்சம் பெயரை ஒட்டியே நிற்கும். லத்தீன் அடை வாக்கியத்தின் மறுகோடியில் இருந்தும் கைகாட்டும். பென்சிலால் கோடு போட்டு இணைத்துப் படிப்பது மட்டமான பழக்கம் அல்ல.

க்வொத் ('எது') அஃறிணை ஒருமை, ஒப்பிதோவின் எழுவாய் வடிவமான ஒப்பிதும் என்ற சொல்லுக்காக. லத்தீனில் மேசை பெண்பால், பாதையும் பெண்பால். திணை வைத்துப் பால் சொல்லும் நமக்கு இதில் குறுக்குவழி கிடையாது. சொல்லைப் படிக்கும்போதே பாலையும் சேர்த்துப் படியுங்கள்.

அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவம் தருவார்கள்: கொர்புஸ், கொர்பொரிஸ் (உடல், உடலின்). இரண்டாவதை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் மூன்றாம் வகைப் பெயர்களில் திணறுகிறார்கள். மரம் என்பது மரத்தை, மரத்தால் என்று மாறுவதைப் போல, உருபு ஏற்கும் அடி இரண்டாவதில்தான் இருக்கிறது.

நமக்கு இன்னொரு வசதி, குறில் நெடில். பெரும்பாலான லத்தீன் பதிப்புகளில் நெடில் குறி அச்சாகாது. தமிழ் எழுத்தில் எழுதினால் மறைக்க முடியாது: மலும் தீமை, மாலும் ஆப்பிள். ரொஸ (ரோஜா) எழுவாய், ரொஸா வேற்றுமை ஏற்றது. முதல் ஆறு மாதம் புதுச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் எழுதி வையுங்கள். பின்னால் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலைப் படிக்கும்போது சீர் பிரிக்க அது உதவும், அங்கே எல்லாமே மாத்திரைக் கணக்குதான். ஆனால் நேர், நிரை என்று அசை பிரிக்கப் போகாதீர்கள், ஒத்துவராது.

பிளினி முதல் ஆண்டுக்கான ஆசிரியர் அல்லர். சொற்களை விழுங்கி எழுதுவார். வினையைக் கடைசியில் வைக்கும் சீசர்தான் நமக்கு முதலில் இதமானவர். பிளினியில் அடுத்த பயிற்சி வேண்டுமென்றால் 12ஆம் புத்தகத்தில் மிளகு விலை இருக்கிறது. ஒரு ரோமானிய ராத்தலுக்குத் திப்பலி 15 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு), வெள்ளை மிளகு 7, கருமிளகு 4.