பதினோரு சுற்றும் ஒரு பதிவும்

போன வாரம்தான் என் லாக் புத்தகத்தில் அந்தக் கையெழுத்து விழுந்தது. தன்னந்தனியாக 270 கிலோமீட்டர், பைலட் கணக்கில் 150 நாட்டிகல் மைல். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி, நின்று, மறுபடி ஏற வேண்டும். தனியார் பைலட் உரிமத்துக்கான 40 மணி நேரத்தில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற பகுதி இதுதான். மற்றவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று முயற்சியும் ஏழு வாரமும் ஒரு விசாரணையும் ஆனது. அதில் பறந்த நேரம் ரொம்பக் கொஞ்சம். மீதியெல்லாம் காகிதம், போன், வாசலில் காத்திருப்பு.

பறக்கக் கற்றுக்கொள்கிற கிளப்பின் பெயரையும் தகராறு நடந்த நிலையத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு எந்தப் பக்கம் என்றும் கேட்காதீர்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், தென்னந்தோப்பும் நாற்றுப்பண்ணையும் பிழைப்பு, வயது 39, ஊரில் பட்டப்பெயர் 'பிளேன்காரர்'. இவ்வளவு போதும்.

முதல் முயற்சியில் தரையை விட்டே எழும்பவில்லை. பொங்கல் முடிந்த வாரம். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, பைக்கில் போய், குடிக்கவில்லை என்று கிளப்பில் மெஷினில் ஊதிக் காட்டினேன். கேரளத்துக் கள்ளில் பெரும்பங்கு எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்து போவதால், நான் ஊதும்போதெல்லாம் மெஷின்காரருக்கு ஒரு சிரிப்பு. ஃபிளைட் பிளான் போட்டாயிற்று, விமானத் தகவல் மையம் கொடுக்கிற எஃப்ஐசி எண் வாங்கியாயிற்று, விமானப்படைத் தரப்பு கொடுக்கிற வான்பாதுகாப்பு அனுமதியான ஏடிசி எண்ணும் வாங்கியாயிற்று. (நிலையத்தில் விமானங்களை வழிநடத்துகிற டவர்காரர்களையும் ஏடிசி என்றுதான் சொல்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இங்கே அவர்களை டவர் என்றே எழுதுகிறேன்.) பனிமூட்டம் எட்டு மணிவரை கலையவில்லை. கலைந்ததும் ஸ்டார்ட் கேட்டேன். புறப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனால் அந்த எண் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதிதான், தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மறுபடி போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மணி பத்து. அடுத்த நிலையத்தில் மதியம்வரை நிறுத்த இடமில்லை என்றார்கள். கதை முடிந்தது. இப்போதெல்லாம் புறப்படும் நேரம் தாண்டி இருபதாவது நிமிடத்துக்கு மொபைலில் அலாரம் வைத்துவிடுகிறேன். நீங்களும் வையுங்கள்.

இரண்டாவது முயற்சி பிப்ரவரி தொடக்கத்தில். முதல் நிலையத்தில் இறங்கியது, ஏறியது எல்லாம் சுகமாக முடிந்தது. இரண்டாவதை நெருங்கும்போது பதினொன்றேகால் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் அடிக்கும், வெயில் ஏறினால் கீழிருந்து தூக்கிப் போடவும் செய்யும். டவர் சொன்னது: ஏரிக்கு மேலே வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிரு, வரிசையில் நீ மூன்றாவது.

சரி. நிதானமாகத் திரும்பினால் ஒரு முழு வட்டத்துக்கு இரண்டு நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் காற்று என்னை மேற்கே தள்ளியது, ஏரி இறக்கைக்கு அடியிலிருந்து நழுவி நழுவிப் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விசாரணையில் முதல் கேள்வியே இதுதான். எனக்கு வந்த பயம் பெட்ரோலைப் பற்றியது இல்லை. இவர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்ற பயம்.

ஆறாவது சுற்றில் கேட்டேன். காத்திரு என்பதற்கு அவர்கள் வார்த்தை: ஸ்டாண்ட்பை. எட்டாவதில் கேட்டேன். ஸ்டாண்ட்பை. பத்தாவதில் காது கொடுக்காமல் பட்டனை அழுத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஏடிஆர் பயணிகள் விமானம் தனக்குக் கிடைத்த அனுமதியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவர் காதில் கீச்சென்று ஒரு சத்தம்தான் விழும். அடுத்து வந்த குரல் எனக்குத்தான்: ரேடியோவில் பேசத் தெரியாதா, உன் இன்ஸ்ட்ரக்டர் யார்? ஆங்கிலம்தான், ஆனால் பிரம்பு வைத்திருக்கிற வாத்தியாரின் ஆங்கிலம்.

எனக்கும் பிசகிவிட்டது. பட்டனை அழுத்தி, சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில், "இன்னும் எத்தன நேரந்தானுங்க சுத்தறது?" என்று கேட்டுவிட்டேன். ஏடிஆர்காரர்கள் உட்பட எல்லார் காதிலும் விழுந்திருக்கும். நாலைந்து விநாடி அலைவரிசையில் ஈ, காக்கை இல்லை. பிறகு நிறுத்தி நிதானமாக, "யூஸ் ஸ்டாண்டர்டு ஃபிரேசியாலஜி." ரேடியோவுக்கென்று வகுத்த வார்த்தைகளில் பேசு என்று அர்த்தம்.

பதினோராவது சுற்றில் அனுமதி வந்தது. இடது டவுன்விண்டில், அதாவது ஓடுதளம் நம் இடப்பக்கம் இருக்கும்படி அதற்கு இணையாகப் பறக்கிற பாதையில் சேரச் சொன்னார், நானும் இடது டவுன்விண்ட் என்று திருப்பிச் சொன்னேன். அன்று இப்படித்தான் என் நினைப்பு. ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்துகொண்டிருக்கும்போது முன்னால், சற்றுக் கீழே, ஒரு ஹெலிகாப்டர் ஏறி வந்தது. அதன் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற தூரம் இல்லை. ஆனால் கதவு தெரிந்தது.

"கன்ஃபர்ம் லெஃப்ட் டவுன்விண்ட்?"

"அஃபர்ம், ஆஸ் கிளியர்டு." ஆமாம், நீங்கள் அனுமதித்தபடியே என்று அர்த்தம். என் குரலில் கொஞ்சம் கெத்து கூட இருந்திருக்கும்.

"நெகட்டிவ்!" ஹெலிகாப்டர் ஒரு பக்கம் திருப்பப்பட்டது, நான் மறுபக்கம். இறங்கி எஞ்சினை அணைத்தபோது முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. டவருக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் முதலில் எங்கள் தலைமை இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டேன். ஒற்றப்பாலத்துக்காரர், விமானப்படையில் ஓய்வு பெற்றவர். "எடோ, இப்போ ஒண்ணும் தர்க்கிக்க வேண்டா. ஆதியம் எழுது," என்றார். இப்போது வாதாட வேண்டாம், முதலில் எழுது என்று அர்த்தம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதி வைத்ததுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது: நேரம், உயரம், எத்தனை சுற்று, யார் என்ன சொன்னார்கள். ராத்திரிக்கு எழுதலாம் என்று விட்டால் நமக்கு வேண்டிய மாதிரிதான் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த ஒரு மணி நேரத்திலேயே ஒரு வார்த்தை வேண்டிய மாதிரி மாறித்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொரு ஆள் ஓட்டி வந்து விமானத்தை எடுத்துப்போனார். தனியாகப் பறக்க எனக்குத் தடை. இரண்டு தரப்பும் அறிக்கை கொடுத்தன. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, "ஏன் கண்ணு, ஆகாசத்துலயுமா வரப்புத் தகராறு?" என்றார்.

நான் செய்தது சரி என்று அப்போது எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவர் இடது என்று சொன்னார், மாற்றிப் பேசுகிறார், அவ்வளவுதான். டவரில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. அதைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 31-ஆம் நாள் அது இருக்கும் என்று யாரும் கையடித்துத் தர மாட்டார்கள். ஆகவே பதிவைக் கேட்டே ஆக வேண்டும் என்று நின்றேன். கிளப்பின் லெட்டர்பேடில், முத்திரையோடு, நான்காம் நாளே கடிதம் போயிற்று.

பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது: குறிப்பிட்ட நேரத்தில் தங்கள் விமானம் எங்கள் அலைவரிசையில் இல்லை.

இல்லையா? பதினோரு சுற்று சுற்றினேனே! இரண்டு நாள் தூக்கமில்லை. பதிவை அழித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். கிளப்பில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன்தான் கண்டுபிடித்தான். நான் கடிதத்தில் 1140 என்று எழுதியிருந்தேன். நம் கடிகாரத்தில் காலை 11.40. அவர்களுடைய உலகமெல்லாம் யுடிசி என்கிற உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். என் சண்டை அங்கே 0610. அவர்கள் 1140-ஐத் தேடினால் நம் கணக்கில் சாயங்காலம் 5.10. அந்த நேரம் நான் ரூமில் குப்புறப் படுத்திருந்தேன். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். குமாஸ்தா கேட்கவில்லை. எழுதிய நானும் யோசிக்கவில்லை. ஒன்பது நாள் போயிற்று.

இரண்டாவது கடிதத்துக்குச் சீக்கிரமே அழைப்பு வந்தது. இருபத்திரண்டாம் நாள் போனேன். பாஸ் கொடுக்கிற ஜன்னலில் நிறுத்தினார்கள். கடிதத்தில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, என் பெயருக்குப் பின்னால். "இது வேற ஆள், அது வேற ஆள்" என்றார். போட்டோவைக் காட்டினேன். போட்டோ ஒத்துப்போகிறது, பெயர் ஒத்துப்போகவில்லை என்றார். மாணவர் உரிமத்தின் ஜெராக்ஸைக் காட்டினேன். ஒரிஜினல் எங்கே என்றார். பேசிக்கொண்டே பாதி தின்ற நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டின் வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்தார். அதோடு ஜன்னலும் மூடியது, மூன்று மணிக்கு வரச் சொல்லி. மூன்று மணிக்கும் அதே பதில். வந்த வழியே திரும்பினேன். மெடிக்கல் சான்றிதழ், உரிமம், ஆதார், கடிதம் எல்லாவற்றிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் வைத்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் சனி.

இருபத்தாறாம் நாள் கடைசியில் உள்ளே விட்டார்கள். சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி. வடக்கத்திக்காரரான மேற்பார்வை அதிகாரி, எங்கள் இன்ஸ்ட்ரக்டர், நான், அப்புறம் அந்தக் குரலின் சொந்தக்காரர். ஆறடி ஆளை எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஒல்லியாக, என்னைவிடச் சின்னவராக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடவிட்டார்கள். நம் குரலை நாமே கேட்பது பெரிய தண்டனை. நான் நிதானமாகக் கேட்டதாக நினைத்திருந்த ஆறாவது சுற்றுக் கேள்வியே சிணுங்கலாக இருந்தது. பத்தாவது சுற்றில் அந்தக் கீச்சுச் சத்தம். அதிகாரி நிறுத்தினார். "டெனெரிஃப்," என்றார். ஒரே வார்த்தை. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் செத்தார்கள். காத்திரு என்று டவர் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்று மற்ற விமானம் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கிளம்பிக்கொண்டிருந்தவர்களின் காதில் கீச்சுச் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது. படித்திருக்கிறேன். ஆனால் அதே கீச்சை என் கைங்கரியமாகக் கேட்டபோது டீ கிளாஸைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

அடுத்து என் தமிழ். அறையில் கணீரென்று ஒலித்தது. அதிகாரி நிறுத்தி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எங்கள் இன்ஸ்ட்ரக்டருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அவர் ஃபேனைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஒல்லி மனிதர் முந்திக்கொண்டார்: "ரெக்வெஸ்டிங் எக்ஸ்பெக்டட் டிலே, சார்."

எவ்வளவு தாமதமாகும் என்று கேட்கிறேனாம். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு நான் இருபத்தாறு நாள் காத்திருந்த அந்த இடம். ரைட் டவுன்விண்ட், என்றது அவர் குரல். கண்ணாடி மாதிரித் தெளிவாக. லெஃப்ட் டவுன்விண்ட், என்றது என் குரல், அதைவிடத் தெளிவாக. நான்தான் மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் ரைட், மூன்று தடவையும் லெஃப்ட். எங்கள் கிளப் ஓடுதளத்தில் எப்போதும் இடதுதான். கோபத்தில் இருந்தவன் காதில் பழகிய வார்த்தைதான் விழுந்திருக்கிறது.

ஆனால் திருப்பிச் சொல்வதே டவர் அதைக் கேட்டுத் திருத்துவதற்குத்தான். திருத்தவில்லை. ஏன் என்று கேட்டார் அதிகாரி. "நான் சொன்னதையே அவரும் சொன்ன மாதிரிதான் சார் கேட்டது. அப்போ தரைக் கட்டுப்பாடும் என் கையில இருந்தது. அதுவுமில்லாம, எரிச்சல்ல இருந்தேன்." கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

வெளியே கேண்டீனில் அவரே வந்து பக்கத்தில் நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். சித்தூர்ப் பக்கம் என்றேன். "எந்த சித்தூர்?" அவர் ஆந்திரா சித்தூர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நான் கேரளா சித்தூர், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டு சித்தூர்த் தமிழர்களும் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

"முதல் கால்லயே ஸ்டூடண்ட் சோலோன்னு சொல்லியிருந்தா உங்கள முன்னாடி இறக்கிவிட்டிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பதினஞ்சு நிமிஷம் ஆகும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எதுக்குங்க கத்தறேன்?" என்றேன்.

இரண்டுமே நியாயம்தான். முதல் அழைப்பிலேயே ஸ்டூடண்ட் சோலோ என்று சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள், அதற்கான வார்த்தையை அவரே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார். செய்ய முடியாததைச் செய்யச் சொன்னால் அன்ஏபிள், அதாவது முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. திட்டுகிறாரா, திட்டட்டும், இறங்கி போனில் பேசிக்கொள்ளலாம்.

என் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. இன்ஸ்ட்ரக்டரோடு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டும், ரேடியோ பேச்சில் ஒரு வாய்மொழித் தேர்வு. பணம் என் பணம், பத்தாயிரங்களில். அவருக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முயற்சி: போனேன், வந்தேன். அதே ஏரி, அதே குரல், எட்டு நிமிடம் ஆகும் என்றது, நான்காவது சுற்றிலேயே கூப்பிட்டது. ரைட் டவுன்விண்ட் என்றார், ரைட் டவுன்விண்ட் என்றேன். இறங்கிக் கட்டணம் கட்டப் போனால் ரசீதில் இனிஷியலை முன்னால் போட்டிருந்தார்கள். திருத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.