ரூட்டரில் தேதி 1970: ஒரு விபிஎன் பட்டபாடு

வீட்டு ரூட்டரில் விபிஎன் (இணையம் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான தனிவழி) போடப் போகிறீர்களா? வேறு எதையும் தொடுவதற்கு முன் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (WAN IP, இணையச் சேவை நிறுவனம் ரூட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்கள். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் புது ரூட்டர் வாங்கிய காசும், பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறிய காசும் மிஞ்சியிருக்கும்.

என் தேவை ரொம்பச் சாதாரணம். நான் கோலாலம்பூர் செந்தூலில், அப்பா அம்மா பட்டர்வொர்த்தில். அங்கே வாசலில் கேமரா மாட்டியிருக்கிறோம். நம் வீட்டு வாசலை ஏதோ ஒரு கம்பெனியின் கிளவுடு வழியாகப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை. கேமரா பெட்டியை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது அதைவிட மோசம். அதனால்தான் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள். பட்டர்வொர்த் ரூட்டர் சர்வராக இருக்கும், நான் கோலாலம்பூரிலிருந்து உள்ளே போவேன் என்பது திட்டம்.

சாவிகள் அமைப்பது, உள்ளே வரும் வாசலாக 51820 யுடிபி போர்ட்டைத் திறப்பது எல்லாம் சுலபமாக முடிந்தன. இரண்டு வீட்டிலும் உள் முகவரிகள் 192.168.0 என்றே தொடங்கியதால் அங்கே 192.168.50 ஆக்கினேன். இதை மறக்காதீர்கள், இரு பக்கமும் ஒரே வரிசை என்றால் டனல் (விபிஎன் போடும் வழி) அமைந்தாலும் எதுவும் போய்ச் சேராது.

ஆனால் இணைப்பு வரவே இல்லை. வயர்கார்டின் குணம் ஒன்று உண்டு: பிடிக்காத பாக்கெட்டுக்கு (தகவல் துண்டுக்கு) அது மறுமொழியே தராது. பாதுகாப்புக்கு நல்லதுதான், கோளாறு தேடுகிறவனுக்குத்தான் தலைவலி. அனுப்பிய பைட் ஏறிக்கொண்டே போகிறது, வந்த பைட் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஏன் என்று ஒரு வரி கிடையாது.

இணையச் சேவை நிறுவனத்துக்கு அடித்தேன். “சூடா ரீஸ்டார்ட், எஞ்சிக்?” (ரீஸ்டார்ட் செய்துவிட்டீர்களா ஐயா, என்று மலாயில்.) செய்தாயிற்று. இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். அடுத்து எடுத்தவர், விபிஎன் எங்கள் வேலை இல்லை என்றார். அதற்கும் அடுத்தவர்தான் கெட்டிக்காரர். லைன் ஓகே, போர்ட் எதையும் நாங்கள் தடுக்கவில்லை, உங்கள் ரூட்டர் பழசு, மாற்றுங்கள் என்று அடித்துச் சொன்னார். அவர் பேசிய உறுதியில் லோ யாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி, கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் பிடித்தேன். நான்கு மணி நேரத்துக்கும் மேல் மடியில் ரூட்டர் டப்பா.

மாட்டினால், அதே பூஜ்யம்.

புது ரூட்டரின் முகப்பில் வான் ஐபி பெரிதாகத் தெரிந்தது: 100.72 என்று தொடங்கியது. போனில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் முற்றிலும் வேறு எண் வருகிறது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய பொதுமுகவரி அல்ல. ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகளின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட் ஏற்பாட்டுக்காக 2012-இல் ஒதுக்கியவை. நாம் வெளியே போனால் பதில் திரும்பி வரும். வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. போர்ட்டைத் திறக்க வேண்டிய பெட்டி நம் வீட்டிலேயே இல்லை, நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தடுக்கவில்லை என்று அவர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான்!

மறுபடி அடித்து, சிஜிநாட் என்ற சொல்லைச் சொன்னதும் லைனில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். கடைசியில் வந்த பதில்: பொதுமுகவரி வேண்டுமென்றால் பிசினஸ் பேக்கேஜுக்கு மாறுங்கள். வாசலைப் பார்க்க பிசினஸ் பேக்கேஜா?

சரி, திசையை மாற்றுவோம் என்று தோன்றியது. செந்தூல் வீட்டு லைனில் வான் ஐபியும் வெளியே தெரியும் ஐபியும் ஒன்றே. அப்படியானால் சர்வர் இங்கே இருக்கட்டும், பட்டர்வொர்த் ரூட்டர் கூப்பிடட்டும். அந்தப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (விடாமல் சிறு பாக்கெட் அனுப்புவது) 25 விநாடி என்று போட்டேன், வழி மூடிக்கொள்ளாமல் இருக்க இது கட்டாயம். இங்கே ஐபி மாறினாலும் கண்டுபிடிக்க ஒரு டிடிஎன்எஸ் பெயர். அவ்வளவுதான். வீடு திரும்பி கணினியில் திறந்தால் அப்பாவின் மோட்டார் சீட்டில் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருக்கிறது. அப்பாவுக்குப் போன் போட்டு விரட்டச் சொன்னபோது கிடைத்த ஆனந்தத்துக்கு அளவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் அங்கே இடி மின்னல், கரண்டு போய் வந்தது. டனல் செத்தது. செந்தூல் ரூட்டரை அணைத்துப் போட்டால் உயிர் வருகிறது. அங்கே அடுத்த முறை கரண்டு போனால் மறுபடி போச்சு. சில தடவை ஓரிரு நாள் கழித்துத் தானாகவே வந்துவிடும். பேய் பிடித்த மாதிரிதான்.

அப்பாவிடம் போனிலேயே ரூட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, லாக்கின் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவின்) முதல் வரியை வாசிக்கச் சொன்னேன்.

“ஜனவரி 1, 1970-னு போட்டிருக்குப்பா. நான் தோட்டத்துப் பள்ளியில ஆறாம் ஆண்டு படிச்ச வருஷம்.”

விடை அதிலேயே இருந்தது. கூப்பிடுகிற ரூட்டர் இணைப்பைத் தொடங்கும் தன் கைகுலுக்கல் செய்தியில் நேரத்தையும் பொதிந்து அனுப்பும். கடைசியாகப் பார்த்த நேரத்தைவிட முந்தைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சர்வர் தள்ளிவிடும், சத்தமில்லாமல். இந்த மாதிரி ரூட்டரில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்டு போனால் நேரம் 1970-க்கே திரும்பிவிடும். செந்தூல் ரூட்டரை அணைத்தால் அதற்குப் பழைய நேரம் மறந்துபோகும், அதனால் ஏற்றுக்கொள்ளும். தானாக வந்ததும் அப்படித்தான்: அங்கே கடிகாரம் 1970-இலிருந்து ஓடி, முன்பு நின்ற இடத்தைத் தாண்டியதும் கதவு திறந்திருக்கிறது.

இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி அணைந்தே கிடந்தது. முதலில் அமைத்தபோது என் லேப்டாப்பிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்வதுதான் அந்த ரூட்டரின் வழக்கம் போல. அப்பா அதை ஆன் செய்து, நேர மண்டலத்தையும் கோலாலம்பூருக்கு மாற்றினார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரூட்டர் எழுந்த சில நிமிடங்களில் கைகுலுக்கல் வந்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ மழை, டனல் அசையவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிடிஎன்எஸ் பெயர் கொடுத்தாலும் வயர்கார்டு அதை இணைப்பு தொடங்கும்போது ஒரு முறைதான் ஐபியாக மாற்றிக்கொள்ளும். சில ரூட்டர்களில் மீண்டும் பார்க்கும் வசதி உண்டு, பலவற்றில் இல்லை. சர்வர் பக்கத்து ஐபி மாறினால் கூப்பிடுகிற பக்கம் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். நான் பட்டர்வொர்த் ரூட்டர் தினமும் விடியற்காலை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கிறேன். என்டிபி சரியாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.