கல்யாணப் பாய் பக்கத்தை அழகாக்கியபோது

பாய் நெய்யும் லாத்தாவிடமிருந்து அந்த அழைப்பு வந்தபோது ஆடி பாதி கழிந்திருந்தது. "தம்பி, போன வருஷம் இந்நேரம் ஏழு கல்யாணப் பாய்க்குச் சொல்லி முன்பணம் வந்திருந்தது. இந்த வருஷம் இரண்டுதான். இணையதளத்தில் ஏதும் மாற்றினீர்களா?" என்று கேட்டார். மாற்றியிருந்தேன். ஆனி மாதக் கடைசியில், ஒரே இரவில்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் கட்டிக் கொடுக்கிறேன். லாத்தாவின் குடும்பம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறது. அவர்கள் தளத்தில் வருமானத்தைத் தாங்குவது 'கல்யாணப் பாய்' என்ற ஒரு பிரிவுதான். மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது பத்தமடை வழக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லிவைக்க வேண்டும். நயமான பட்டுப் பாய் என்றால் நெய்ய வாரக் கணக்கில் ஆகும். ஆடியில் அந்தப் பக்கம் கூகுளில் கண்ணில் படாமல் போனால் ஆவணியில் தறிக்கு வேலை இல்லை.

லாத்தாவின் மகன்தான் பெரிய கடைகளின் தளங்களைக் காட்டி, நம்முடையதும் இப்படிக் கட்டம் கட்டமாக, பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. பழைய பக்கம் செல்போனில் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. பழுதெல்லாம் நான் செய்து முடித்த விதத்தில்தான்.

அழைப்பு வந்த அன்று மாலையே, கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தேன். அது 16 மாதக் கணக்கை வைத்திருக்கும் என்பதால் போன ஆடியையும் இந்த ஆடியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடிந்தது. வருகையைக் காட்டும் கோடு வாரத்துக்கு வாரம் இறங்கியிருந்தது. மற்ற பிரிவுகள் அப்படியே இருக்க, நான் கைவைத்த பிரிவு மட்டும் சரிந்திருந்தது.

முதல் பிழை முகவரி. புது வடிவமைப்போடு பக்கத்தின் முகவரியும் மாறிவிட்டது. பழையதிலிருந்து புதியதற்கு வழி காட்ட மறந்துவிட்டேன். இதை லாத்தாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். திருநெல்வேலி சந்திப்பு பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டிய காலத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய இடத்துக்கு வந்து நிற்பவரிடம் உங்கள் பஸ் இன்ன இடத்தில் நிற்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இணையத்தில் அந்த ஆளுக்கு 301 என்று பெயர். அந்த வழிகாட்டலைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்காமல் வைக்கச் சொல்கிறது கூகுள். நான் பழைய முகவரியையே திரும்பக் கொண்டுவந்து, இடையில் முளைத்த புதியதை அதற்குத் திருப்பிவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முகவரியை அழகுக்காக மாற்றக் கூடாது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, பாய்களே காணாமல் போனது. மொத்தம் 48 பாய்கள். முன்பு பக்கத்துக்கு 12 வீதம் நான்கு பக்கங்கள். கீழே 1, 2, 3, 4 என்று இணைப்புகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு 'மேலும் காட்டு' என்று ஒரு பட்டன் வைத்தேன். கூகுளின் ரோபோ பட்டனை அழுத்தாது, மனிதரைப் போலத் தள்ளித் தள்ளிப் பார்க்கவும் செய்யாது. அதனால் 36 பாய்களுக்கு அந்தப் பிரிவிலிருந்து போகும் பாதையே அடைபட்டுவிட்டது. இப்போதும் பட்டன் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இரண்டாம் பக்கத்துக்கு உண்மையான இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் சொந்த முகவரியையே கனானிக்கலாக, அதாவது இதுதான் மூல முகவரி என்று கூகுளுக்குச் சொல்லும் குறியாகக் கொடுத்திருக்கிறேன். எல்லாப் பக்கங்களையும் முதல் பக்கத்துக்கே கனானிக்கல் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தின் நகல் அல்லவே. அதில் இருப்பவை வேறு பாய்கள்.

மூன்றாவதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. பழைய பக்கத்தின் மேலே நான்கு பத்திகள் இருந்தன. அவை நான் எழுதியவை அல்ல. தளம் தொடங்கிய புதிதில் ஒரு வாரம் லாத்தாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தொலைபேசியில் கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில்களையெல்லாம் குறித்துக்கொண்டேன். மணவறையில் இருவர் உட்கார எந்த அளவு போதும், பெயரில் எத்தனை எழுத்து வரை அழகாக அமையும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பட்டுப் பாயை மடிக்காமல் ஏன் சுருட்டியே வைக்க வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வந்தவை அவை. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போனதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் ஊரின் பெருமை அது.

புது வடிவமைப்பில் அந்தப் பத்திகள் செல்போன் திரையை அடைக்கின்றன என்று, கணினிக்கு மட்டும் வைத்துவிட்டு செல்போனில் நீக்கிவிட்டேன். கூகுள் பட்டியலிடுவது செல்போன் வடிவத்தைத்தான். கணினித் திரையில் அவை இருந்தும் பயனில்லை. 'கல்யாணப் பாய்' என்ற தலைப்பையும் அலங்கார எழுத்தில் படமாக்கி வைத்திருந்தேன். ஆக, அந்தப் பக்கத்தில் எழுத்தாக மிஞ்சியது விலையும் 'கூடையில் சேர்' என்ற பட்டனும்தான். பாய் நெய்பவரின் பேச்சை எடுத்துவிட்டு வெறும் அலமாரியை நிறுத்தியிருக்கிறேன். அது தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தலைப்பை எழுத்தாகவே மாற்றினேன். இரண்டு வரி மேலே, மீதி பாய்களின் கட்டங்களுக்குக் கீழே, தொட்டால் விரியும்படி. விரியும் பகுதிக்குள் இருந்தாலும் கூகுள் அதைப் படிக்கிறது. பக்கத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவே. தேடல் சொற்களையே திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு பத்தி எழுதித் தர முடியும் என்று தொழில் நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். வாங்க வருபவர் கேட்கும் கேள்விக்கு லாத்தா சொல்லும் பதிலை விட நல்ல பத்தியை யாராலும் எழுத முடியாது.

சிறு வேலைகளும் இருந்தன. முதல் பெரிய படத்தைத் தாமதமாக ஏற்றும்படி விட்டிருந்தேன். அதை உடனே ஏறும்படி மாற்றி, எல்லாப் படங்களுக்கும் அகல உயரத்தைக் கொடுத்தேன். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், ஏறும்போது பக்கம் குதிக்கக் கூடாது என்பது கூகுளின் அளவுகோல். நிறம், அளவு என்று வடிகட்டும்போது பிறக்கும் முகவரிகளைப் பிரிவின் முகவரிக்கே கனானிக்கல் செய்தேன். மாற்றங்களையெல்லாம் சைல்ட் தீமுக்குள், அதாவது தளத்தின் வடிவமைப்புத் தொகுப்பான தீமைத் தொடாமல் நம் மாற்றங்களைத் தனியே வைக்கும் இடத்தில், அந்தப் பிரிவுக்கு மட்டுமான தனி டெம்ப்ளேட்டில் வைத்தேன். இல்லையென்றால் தீமின் அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் அழிந்துவிடும்.

தரவரிசை வந்துவிட்ட பக்கத்தின் வடிவமைப்பைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மகன் கேட்ட கட்டங்களும் நிறங்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன; அவற்றால் ஒரு படி கூடச் சரியவில்லை. ஆனால் எதையும் சோதனைத் தளத்தில் செய்து பார்த்து, ஒவ்வொரு மாற்றமாக இடைவெளி விட்டு ஏற்றியிருந்தால் எது பழுது என்று சீக்கிரமே தெரிந்திருக்கும். கூகுள் பட்டியலிடாதிருக்கச் சோதனைத் தளத்தில் போடும் நோஇண்டெக்ஸ் குறியை மறக்காமல் எடுத்துவிட்டு ஏற்ற வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடு பழைய இடத்துக்கு வர ஐப்பசி ஆகிவிட்டது. அந்த ஆவணி போனது போனதுதான்; அந்த வருஷக் கூலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. இனி அவர்கள் தளத்தில் ஆடியிலும் மார்கழியிலும் நான் கைவைப்பதில்லை. போன வாரம் லாத்தா அழைத்து, பக்கத்தின் ஓரங்களுக்குப் பாயின் கரைச் சிவப்பைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தை முகூர்த்தத்துக்கான பெயர்கள் தறியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. தை கழியட்டும் லாத்தா, கட்டாயம் செய்துவிடலாம் என்றேன்.