மூன்று பெருக்கல் குறிகள்

போன வாரம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முதல் நாள் சாயங்காலம் நர்ஸ் ஒருவர் நாலு பக்கச் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் மூன்று பெருக்கல் குறி. எல்லாம் ஆங்கிலம். அம்மா பக்கத்திலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, தெளிவான நினைவு. அவருடைய வயிறு, என்னுடைய கையெழுத்தா?

டெல்லியில் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. லேப்பராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) பரிசோதனைக்கென்று போன 44 வயதுப் பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் கேட்டார்களாம். அது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க அவசியம், சுயநினைவு திரும்பும்வரை காத்திருப்பது நியாயமில்லை என்ற நிலையில்தான் விலக்கு. நஷ்டஈடு 25,000 ரூபாய், டாக்டருக்கு ஆபரேஷன் கட்டணமும் கிடையாது. (அந்தத் தொகையை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.)

"தமிழ்ல இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது! இழுப்பறையின் அடியில். யாரும் கேட்பதில்லையாம்.

அம்மா விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். "துளை வழியா முடியலைன்னா வயித்தைத் திறப்போம்னு போட்டிருக்கே, அப்போ எத்தனை நாள் படுக்கணும்?"

நர்ஸுக்குத் தெரியவில்லை. டாக்டரே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் பித்தப்பையைப் படம் போட்டுக் காட்டினார். பத்து நிமிஷம்.

அப்புறம் அம்மாவே கையெழுத்துப் போட்டார், இனிஷியலோடு.