பின்னாடி உக்காந்து பாடம் பாக்குறது

சி.ஆர்.சி மீட்டிங்னு மெசேஜ் வந்தாலே எங்க டீச்சர்ஸ் குரூப்ல முதல் ரியாக்‌ஷன் "இந்த சனிக்கிழமையும் போச்சா" தான். குறுவள மையம்னு பேரு, சுத்தி இருக்குற ஸ்கூல் டீச்சர்ஸ் ஒண்ணா உக்காந்து பாடத்தைப் பத்திப் பேசணும்னு தான் அதை ஆரம்பிச்சதே, ஆனா நடக்குறது என்னன்னா பயிற்சி கொடுக்க வர்ற கருத்தாளர் பிபிடி ஓட்டுவார், நாம கையெழுத்து போடுவோம், டீ வரும், போட்டோ எடுப்பாங்க, கிளம்பிடுவோம். கருத்தாளரைக் குத்தம் சொல்லல, பாவம், அவருக்கும் மேல இருந்து வந்த பிபிடி தான் அது.

அதனால எங்க ஏரியா கணக்கு டீச்சர்ஸ் சிலர் சேந்து தனியா ஒண்ணு பண்றோம். ஜப்பான்ல நூறு வருஷத்துக்கும் மேலா இருக்குற பழக்கம், வெளிய லெசன் ஸ்டடினு சொல்றாங்க. பல நாட்டுப் பசங்க கணக்குலயும் அறிவியல்லயும் எப்படின்னு ஒப்பிடுற டிம்ஸ்னு ஒரு ஆய்வு, 1995ல அதுல ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா எட்டாம் வகுப்பு கணக்கு கிளாஸ்களை வீடியோ எடுத்தாங்க, அதை வச்சு ஸ்டிக்லர், ஹீபர்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999ல ஒரு புத்தகம் எழுதினாங்க, அமெரிக்காவுல லெசன் ஸ்டடி பரவலா பேசப்பட்டது அதுக்கப்புறம் தான். விஷயம் என்னன்னா, நாலஞ்சு டீச்சர் சேந்து ஒரே ஒரு பாடத்துக்கு பாடக்குறிப்பு எழுதணும், பசங்க என்னென்ன பதில் சொல்லுவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு அதையும் எழுதணும், ஒருத்தர் எடுக்க மத்தவங்க பின்னாடி உக்காந்து பாக்கணும், அப்புறம் பேசித் திருத்தி இன்னொரு கிளாஸ்ல திரும்ப எடுக்கணும். பாக்குறவங்க டீச்சரைப் பாக்கக் கூடாது, பசங்களைப் பாக்கணும். நம்மூர்ல இது தான் கஷ்டம், ஏன்னா பின்னாடி ஒருத்தர் நோட்டோட உக்காந்தா அது இன்ஸ்பெக்‌ஷன்னு நமக்கு ரத்தத்துலயே ஊறிப் போச்சு.

ஆறாம் வகுப்பு பின்னம் கூட்டல் எடுத்தோம். 1/2 + 1/3 போட்டா பாதிப் பசங்க 2/5னு எழுதுவாங்க, இது எல்லா கணக்கு டீச்சருக்கும் தெரிஞ்சது தான், கவனக்குறைவுன்னு சொல்லிட்டு எல்.சி.எம் போட்டுக் காட்டிட்டு நகந்துருவோம். அன்னிக்கு ஒரு சார் ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்து அது தோழிகிட்ட சொல்றதை அப்படியே எழுதிட்டு வந்தார். "ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு, மூணு மார்க்குக்கு ஒண்ணு, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு தானடி?" படிச்சதும் எல்லாருமே கொஞ்ச நேரம் பேசல, ஏன்னா மார்க் கணக்குல அது நூத்துக்கு நூறு சரி! நாமளே தினமும் பேப்பர் திருத்தும்போது அப்படித்தானே கூட்டுறோம். அங்க ஒவ்வொரு கேள்வியும் வேற வேற முழுசு, இங்க ரெண்டு பின்னமும் ஒரே முழுசுல இருந்து வந்தது, இந்த வித்தியாசத்தை எந்தக் கிளாஸ்லயும் நாம சொன்னதே இல்ல. போர்டு பக்கம் நின்னு பாடம் எடுத்த டீச்சருக்கு இது காதுல விழவே வாய்ப்பில்ல.

அடுத்த ஸ்கூல்ல எடுக்கும்போது பாடத்தோட தொடக்கத்தையே மாத்திட்டோம். எல்.சி.எம் பேச்சே இல்ல, ஒரே நீளத்துல பேப்பர் பட்டை ரெண்டு, ஒண்ணுல பாதி கலர், இன்னொண்ணுல மூணுல ஒரு பங்கு கலர், கூட்டினா பாதிய விட அதிகமா வருமா கம்மியா வருமா, அவ்ளோ தான் கேள்வி. அதிகம்னு எல்லாரும் கத்தினாங்க. அப்புறம் 2/5 எழுதின பையனையே அதைப் பாதியோட ஒப்பிடச் சொன்னா, "சார், கூட்டினப்புறம் குறைஞ்சிருச்சு"ன்னு அவனே சிரிக்கிறான். ஆறா மடிக்கலாம்ங்குற யோசனையும் அவங்ககிட்ட இருந்தே வந்துச்சு, 5/6 கிடைச்சிருச்சு.

ஆனா இதை எல்லா ஸ்கூல்லயும் பண்ண முடியும்னு சொன்னா பொய். ஈராசிரியர் பள்ளில ஒருத்தர் கிளம்பினா மீதி ஒருத்தர் தலையில அஞ்சு வகுப்பு, பசங்க விவரத்தை ஆன்லைன்ல ஏத்துற எமிஸ் வேலை வேற. எங்க ஹெச்.எம்.கள் பீரியட் மாத்திக் கொடுத்ததால ஓடுது. இன்னொரு பயமும் இருக்கு, இது நல்லாருக்குன்னு மேல யாராச்சும் கேள்விப்பட்டா நாளைக்கே ஒரு படிவம் வந்துரும், உத்து நோக்கல் படிவம்னு பேரும் வச்சு, மாசாமாசம் நிரப்பி அப்லோடு பண்ணச் சொல்லுவாங்க, அத்தோட கதை முடிஞ்சுது.

அடுத்து வகுத்தல். 612ஐ 6ஆல வகுத்தா 12னு எழுதிட்டு வர்ற பசங்க எல்லா ஸ்கூல்லயும் இருக்காங்க, அந்த சைபர் எங்க காணாமப் போகுதுன்னு பாக்கணும். இந்தத் தடவை பாடம் எடுக்கறது நான், முன்னாடியே சொல்லிட்டேன், யாரும் என்னைப் பாக்கக் கூடாது.